ஏசி கேஸ் தீர்ந்துடுச்சா? எங்கே போச்சு?

மக்களே, பங்குனி பிறந்தால் போதும், கார் வைத்திருக்கிற எல்லார் வாயிலும் ஒரு வசனம் வரும். "ஏசியில கேஸ் தீர்ந்துடுச்சு, அடிக்கணும்." பெட்ரோல் தீர்ந்துடுச்சு, சட்னி தீர்ந்துடுச்சு என்கிற மாதிரியே ரொம்ப இயல்பாகச் சொல்வார்கள். மெக்கானிக்கும் தலையை ஆட்டுவார். சிலிண்டர் வரும், ட்யூப் மாட்டுவார், பத்து நிமிஷத்தில் ஜில்லென்று காற்று வரும். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

இந்த வசனத்தில் ஒரே ஒரு வார்த்தை தப்பு. "தீர்ந்துடுச்சு" என்கிற வார்த்தைதான் அது. அதற்கு எங்கள் மாமா பதினாலு மாதத்தில் கொடுத்த விலை 7,600 ரூபாய். அதுவும் நோட்டில் எழுதின கணக்கு மட்டும். எழுதாத கணக்கு வேறு இருக்கிறது, அதைப் பின்னாடி சொல்கிறேன்.

பி.காம் படிக்கிற பையனுக்கு ஏசியைப் பற்றி என்ன தெரியும் என்று மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கிளம்புவது தெரிகிறது. உட்காருங்கப்பா. இது பாதி இயற்பியல், பாதி கணக்கு. கணக்குப் பாதிக்கு நான் பொறுப்பு :-)

முதலில் கேஸ் ஏன் தீராது என்று பார்த்துவிடுவோம். ஊசி போடுவதற்கு முன்னாடி நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது ஜில்லென்று இருக்கும் இல்லையா? ஸ்பிரிட் ஐஸ் பெட்டியிலிருந்து வரவில்லை. அது ஆவியாகிறது, ஆவியாவதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கதைதான். கார் ஏசியும் இதைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், ஆவியானதை காற்றில் விட்டுவிடாமல் பிடித்து, அமுக்கி, மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக விடுகிறது. சுற்றிச் சுற்றி அதே கேஸ்தான்.

நம்மூரில் இன்று ஓடுகிற பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்கிற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் கொதிநிலை என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. குக்கருக்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதேதான். எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிற கம்ப்ரஸர் கேஸை அமுக்கி 200 பிஎஸ்ஐக்கு மேலே கொண்டுபோகும். அந்த அழுத்தத்தில் அது வெளியே அடிக்கிற கத்திரி வெயிலை விடச் சூடாக இருக்கும். அதனால்தான் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டன்ஸரில் ஊர்க்காற்று பட்டே அது குளிர்ந்து திரவமாகிவிடுகிறது. அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வு என்கிற குறுகலான துவாரம். அதைத் தாண்டியதும் அழுத்தம் சடாரென்று விழும். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கிற எவாப்பரேட்டரில் சுமார் 28 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் ஆர்-134ஏவின் கொதிநிலை பூஜ்யம் டிகிரிக்குப் பக்கம். காருக்குள் இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு கொதிக்கும், ஆவியாகும், மறுபடி கம்ப்ரஸருக்குப் போகும்.

இதில் எந்த இடத்திலாவது கேஸ் எரிகிறதா? செலவாகிறதா? இல்லை. பெட்ரோல் மாதிரி தீர்வதற்கு இதில் வழியே கிடையாது. குறைந்திருக்கிறது என்றால் வெளியே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இங்கே என் காஸ்ட் அக்கவுன்டன்சி பாடம் உதவிக்கு வருகிறது. அதில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று இரண்டு உண்டு. சர்க்கரை மூட்டையைக் கையாளும்போது கொஞ்சம் சிந்துவது நார்மல். மூட்டை ஓட்டையாக இருப்பது அப்நார்மல். ஏசியிலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டில் இருக்கிற சீல் வழியாகவும் வருஷத்துக்குக் கொஞ்சம் கேஸ் கசியத்தான் செய்யும். அது நார்மல் லாஸ். அஞ்சாறு வருஷம் கழித்து ஒரு தடவை கேஸ் போடச் சொன்னால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை போடச் சொன்னால் மூட்டையில் ஓட்டை.

சரி, மாமா கதை.

மாமா வேலூரில் டாக்ஸி ஓட்டுகிறார். 2019-ல் கடனில் எடுத்த செடான். வேலூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இங்கே வெயிலும் அதிகம், வைத்தியத்துக்கு வருகிறவர்களும் அதிகம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களை காட்பாடி ஜங்ஷனுக்கோ சென்னை ஏர்போர்ட்டுக்கோ கொண்டுபோய் விடுவதுதான் மாமாவின் முக்கிய வருமானம். ஒரு லாட்ஜ் மேனேஜர் தவறாமல் இவரைத்தான் கூப்பிடுவார். மாதச் சவாரியில் பாதி அந்த ஒரு மனிதரிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

மாமா எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். எங்கள் அக்கவுன்டன்சி சார் பார்த்தால் மூர்ச்சையாகிவிடுவார், ஆனால் ஒரு பைசா விட்டுப்போகாது. அதில் இருந்தது இது. 2023 மார்ச், கேஸ் 1,800. ஆகஸ்ட், கேஸ் 1,800. 2024 ஜனவரி, கேஸ் 2,000. ஏப்ரல், கேஸ் 2,000. நாலு தடவையும் ஒரே கடை. நாலு தடவையும் போட்ட அன்றைக்குக் குளிர் பிரமாதம்.

மே மாதம் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு வங்காளத்து அம்மாவையும் அவர் மகனையும் ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட் போனார். நூற்றிமுப்பது கிலோமீட்டர் சில்லறை. வாலாஜாவைத் தாண்டினதும் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. ஜன்னலை இறக்கினால் அனல், ஏற்றினால் புழுக்கம். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பின் சீட்டில் சாய்ந்து, வயிற்றுத் தையல் மேலே ஒரு கையை வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். "திட்டியிருந்தாக்கூட பரவால்லடா மாப்ள" என்றார் மாமா. பேசின தொகை 3,500. இவர் 2,000 மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தப் பையன் லாட்ஜுக்குப் போன் செய்து சொல்லியிருப்பான் போல. அதற்கப்புறம் மேனேஜர் கூப்பிடுவது நின்றுபோனது. நோட்டில் எழுதாத கணக்கு என்று சொன்னேனே, அது இதுதான்.

அடுத்த வாரம் காலேஜ் லீவு. மாமா கூட நானும் கிளம்பினேன். இந்தத் தடவை பழைய கடைக்குப் போகவில்லை. ராணிப்பேட்டை போகிற வழியில் ஏசி வேலை மட்டும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று இன்னொரு டிரைவர் சொல்லியிருந்தார். ஐடிஐ படித்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போனது. சிலிண்டர் பக்கமே போகவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து பைப் பைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே தேடறீங்க?"

"எண்ணெய் தேடறேன் தம்பி."

விஷயம் என்னவென்றால், கம்ப்ரஸருக்கு மசகு போடுகிற எண்ணெய் தனியாக ஒரு தொட்டியில் இருப்பதில்லை. கேஸோடு கலந்து அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் கசியும். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் தெரியும். எண்ணெய் மேல் ரோட்டுப் புழுதி ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு உண்டாகும். கண்டன்ஸரிலிருந்து வருகிற பைப் சேருகிற ஜாயின்ட்டில் அப்படி ஒரு திட்டு, அஞ்சு ரூபாய் காசு அகலத்துக்கு இருந்தது. பதினாலு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கும்.

(இதனால் இன்னொன்றும் புரிந்தது. கேஸ் குறைவாக ஓடினால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துபோகும். அது போனால் செலவு ஐந்து இலக்கம்.)

அப்புறம் ஒரு மெஷினை மாட்டி உள்ளே மிச்சம் இருந்த கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி எடுத்து எடை பார்த்தார். 110 கிராம். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்க வேண்டிய அளவு 400 கிராம் என்று போட்டிருந்தது. மீதி 290 கிராம் ஒரே மாதத்தில் கசிந்ததா, அல்லது ஏப்ரலில் முழுசாக ஏறவே இல்லையா? சொல்லவே முடியாது. ஏனென்றால் பழைய கடையில் யாரும் எடை போட்டதே இல்லை. மீட்டரைப் பார்த்து, காற்றில் கையை வைத்துப் பார்த்து, "போதும்ணே" என்பதுதான் அங்கே அளவு.

மீட்டர் பார்த்தால் தெரியாதா என்று நானும் கேட்டேன். அவர் கொடுத்த உதாரணம் அருமை. வீட்டு சிலிண்டரில் கேஸ் பாதி இருக்கும்போதும் அடுப்பு அதே மாதிரிதான் எரியும், தீருகிற கடைசி நிமிஷம் வரைக்கும். உள்ளே ஒரு துளி திரவம் இருக்கிற வரை அழுத்தம் மாறாது, அது வெப்பநிலையை மட்டும்தான் பொறுத்தது. அதனால்தான் சிலிண்டரை நாம் தூக்கிப் பார்க்கிறோம், எடை போடுகிறோம். ஆர்-134ஏவும் அப்படியே. 35 டிகிரி வெயிலில், வண்டி ஓடாமல் நிற்கும்போது, உள்ளே 400 கிராம் இருந்தாலும் சரி, அதில் பாதி இருந்தாலும் சரி, மீட்டர் சுமார் 115 பிஎஸ்ஐ தான் காட்டும். ஏசியை ஓடவிட்டுப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் வெளி வெயில், எஞ்சின் வேகம், ஃபேன் எல்லாம் சேர்ந்து அதைக் குழப்பும். எடைதான் நம்பகமான அளவு. அதிகமாகப் போட்டாலும் ஆபத்து. அழுத்தம் எகிறி, குளிர் குறைந்து, கம்ப்ரஸர் திணறும். "கூட 50 கிராம் போட்டு விடுங்க" என்று கேட்பவர்கள் கவனிக்க.

பிறகு நைட்ரஜனை ஏற்றி அந்த ஜாயின்ட்டில் சோப்பு நுரை வைத்தார். பொங்கிப் பொங்கி வந்தது. கழற்றினால் உள்ளே ஒரு ஓ ரிங், பச்சை ரப்பர் வளையம், தட்டையாகி ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதுதான் குற்றவாளி. விலை 60 ரூபாய். ஆமாம், அறுபது!

இதற்கப்புறம் நடந்ததுதான் பத்து நிமிஷக் கடைகளில் பெரும்பாலும் நடக்காதது. சிஸ்டத்தைத் திறந்துவிட்டதால் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரைப் புதிதாக மாற்றினார். பிறகு வாக்குவம் பம்ப், நாற்பது நிமிஷம். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது, மாமாவோ மூன்றாவது டீக்குப் போய்விட்டார். ஆனால் காரணம் இருக்கிறது. உள்ளே ஈரம் இருந்தால் அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அழுத்தத்தை நன்றாகக் குறைத்தால் தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். குக்கருக்கு நேர் எதிர். பம்ப்பை நிறுத்திவிட்டு இன்னும் இருபது நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகரவில்லை. அதாவது ஓட்டை அடைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் சிலிண்டரைத் தராசில் வைத்து 400 கிராம் எண்ணி ஏற்றினார். ஏசி வாயில் தெர்மாமீட்டரைச் செருகினால் 8 டிகிரி.

பில்: ஓ ரிங் 60, டிரையர் 900, வாக்குவமும் கேஸும் 2,000, கூலி 800. ஆக மொத்தம் 3,760. இரண்டு தடவை "கேஸ் அடிக்கிற" காசு. முதல் தடவையே இதைச் செய்திருந்தால் நோட்டில் 7,600 ரூபாய் மிச்சம், லாட்ஜ் சவாரியும் மிச்சம்.

அப்படியானால் பழைய கடைக்காரர் ஏமாற்றுப் பேர்வழியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதில் என் நண்பர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். கடைக்குப் போய் நாம் என்ன கேட்கிறோம்? "கேஸ் அடிங்க." அவர் அடிக்கிறார். ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும். தேடினதுக்குத் தனியாக 500 ரூபாய் கேட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? "பார்த்ததுக்கே காசா?" என்போம். தேடுவதற்குக் கூலி இல்லை, நிரப்புவதற்குக் கூலி உண்டு என்றால் எந்தக் கடையும் நிரப்பத்தான் செய்யும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையை விட்டு ஓடிவிடும் என்று. 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஏசி கேஸ் அதை விட ஒரு படி மேலே. கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத ஒரு சரக்கை, எடை போடாமல் வாங்குகிறோம். கத்தரிக்காயைக்கூட இப்படி வாங்க மாட்டோம்.

இன்னும் மோசமானது கலப்படம். ஆர்-134ஏ விலை ஏறினால் சில இடங்களில் எல்பிஜி கலந்து ஏற்றுவார்கள். குளிர் நன்றாகவே வரும், பிரச்சினை அதுவல்ல. பற்றி எரியக்கூடிய ஒன்று எவாப்பரேட்டரில் கசிந்தால் நேராக நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான் வரும். போலி கேஸில் ஆர்-40 என்கிற மெத்தில் குளோரைடு கலந்திருந்தால் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதுமே தீப்பிடிக்கிற பொருளை உண்டாக்கும். 2011-ல் கப்பல்களில் போகிற குளிர்சாதனக் கன்டெய்னர்கள் சில இப்படி வெடித்து ஆட்களே இறந்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி ஆபத்தான கேஸ்களிலிருந்து தப்பிக்கத்தான் எல்லாமே ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டையாக்ஸைடு, இதே மெத்தில் குளோரைடு எல்லாம் ஓடின. தாமஸ் மிட்ஜ்லி என்கிற அமெரிக்கர் 1930-ல் புதிய கேஸ் ஒன்றை எல்லார் முன்னாலும் மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, எரியவும் எரியாது என்று நிரூபணம். அதுதான் ஆர்-12. கார் ஏசிகளில் பல பத்தாண்டுகள் அதுதான் ஓடியது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் அந்த வகைக் கேஸ்கள் மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா போன்ற நாடுகள் 2010-க்குள் அவற்றைக் கைவிட வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் ஆர்-134ஏ. ஓசோனுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கிலோவுக்குக் கிலோ கார்பன் டையாக்ஸைடைப் போல 1,430 மடங்கு என்பது 2016-ன் கிகாலித் திருத்தத்தில் வைத்திருக்கிற கணக்கு.

இங்கேதான் மாமாவின் நோட்டை மறுபடி எடுத்தேன். 400 கிராமை 1,430-ஆல் பெருக்கினால் 572 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டையாக்ஸைடு. அதாவது ஒரு காரின் கேஸ் முழுசும் ஒரு தடவை வெளியே போவது, கிட்டத்தட்ட 250 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். பழைய கேஸை "புஸ்"ஸென்று வால்வைத் திறந்து விடுகிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஆர்-134ஏவை அப்படி விடுவது 1995 முதல் சட்டவிரோதம். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அந்தக் கேஸே கூடாது என்றாகி, பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. இந்தியா 2021-ல் கிகாலியை ஏற்றுக்கொண்டது. நம் குறைப்பு தொடங்குவது 2032-லிருந்து. அதுவரை ஓ ரிங்குகளை நம்பித்தான் இருக்கிறோம்.

ஒரு முக்கியமான விஷயம். குளிர் இல்லை என்றாலே கேஸ் இல்லை என்று அர்த்தமில்லை. கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கண்டன்ஸர் முன்னால் புழுதி அப்பியிருக்கலாம், அதன் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். வண்டி ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நிற்கும்போது குளிரவில்லை என்றால் முதலில் ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். கம்ப்ரஸர் கிளட்ச் "டக், டக்" என்று அடிக்கடி போட்டுப் போட்டு விட்டால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இணையத்தில் சின்ன டின் வாங்கி வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று வீடியோ போடுகிறார்கள். எத்தனை கிராம் உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை ஏற்றுவீர்கள்? திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து வெந்த மாதிரி ஆகிவிடும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

மாமா வண்டிக்கு அதற்கப்புறம் ஒரு முழு வெயில் காலம் ஓடிவிட்டது. நோட்டில் கேஸ் என்கிற வார்த்தை மறுபடி வரவில்லை. எஞ்சின் ஆயில் மாற்ற மட்டும் இன்னும் பழைய கடைக்குத்தான் போகிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மாமா, ஒரு வார்த்தை கேக்கலாம்ல அவர்கிட்ட? நாலு தடவை காசு வாங்கியிருக்காரே?"

"என்னத்தக் கேக்கறது மாப்ள. மொத வண்டி எடுத்தப்ப கையில சல்லிக்காசு இல்லாம நின்னேன். நாலு டயரும் கடனுக்குப் போட்டுக் குடுத்தவன் அவன். அந்த ரப்பர் வளையத்தை மட்டும் எடுத்துக் காட்டினேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு மேஜை டிராயர்ல போட்டுக்கிட்டான்."

லாட்ஜ் மேனேஜர் ஆடி முடிந்து ஒரு நாள் போன் செய்தார். காட்பாடி வரைக்கும்தான், சின்னச் சவாரி. மாமா அரை மணி நேரம் முன்னாடியே போய் ஏசியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாராம்.